கத்தரின் கம்பளி

‘மா பூமி’ என்ற தெலுங்குப் படம் பற்றிப் பேச்செடுத்தால் நான் பாடகர் கத்தரிடம்தான் போய் நிற்பேன். கதை ராமய்யா என்ற கிராமத்து இளைஞனுடையது. சாய்சந்த் அந்த வேடத்தைக் குறையில்லாமல் செய்திருக்கிறார். தெலுங்கு தெரியாத வங்காள இளைஞர் கௌதம் கோஷ் தன் முதல் கதைப்படத்தையே இப்படி எடுத்ததும் பெரிய காரியம். எல்லாம் சரி. தோளில் கம்பளியும் கையில் கோலுமாகக் கத்தர் வந்து ‘பண்டெனக பண்டி கட்டி’ பாட்டை எடுத்ததும் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது.

திரையில் அவர் இருப்பது சில நிமிடங்கள்தான். தெலங்கானா ஆயுதப் போராட்ட நாட்களில் பண்டி யாதகிரி கட்டிய பாட்டு அது. யாதகிரி அந்தப் போராட்டத்திலேயே உயிரைவிட்டார். ஐதராபாத்தை ஆண்ட நிஜாமை ஒருமையில் கூப்பிட்டு, நீ எந்த வண்டியில் ஏறிப் போகப்போகிறாய் என்று கேட்கிற கேலிப் பாட்டு. கத்தர் அதைக் கேலிக் குரலில் பாடவில்லை. கணக்குத் தீர்க்க வந்தவன் வாசலில் நின்று கேட்கிற மாதிரி பாடுகிறார். குரலில் இனிமை தேடுகிறவர்கள் வேறு பாட்டைக் கேட்கலாம்.

முகையூர்ப் பக்கம் விடிய விடியப் பாரதக் கூத்து கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஒன்று உடனே பிடிபடும். கத்தர் அடியின் கடைசி அசையை முழுசாக இறக்குவதில்லை. அது தரையைத் தொடுமுன் கூட்டம் வாங்கிக்கொள்கிறது. நல்ல பின்பாட்டுக்காரர் வேஷக்காரரிடம் வாங்குவது இப்படித்தான், நடுவில் மூச்சு விழாது. கத்தருக்கு இது புர்ரகதையில் வந்த பழக்கம். நடுவே ஒருவர் சொல்ல, பக்கத்து இருவர் டக்கி மேளமடித்து வாங்குகிற கலை அது. நிஜாம் அரசும் சென்னை மாகாண அரசும் அதற்குத் தடை போட்டன என்றால் காரணம் இல்லாமலா? கேட்கிறவனைச் சும்மா உட்காரவிடாது.

விழுப்புரத்து நண்பர் ஒருவருக்கு, இதே தெலங்கானா நிலக்கிழார் கொடுமையைச் சொல்லும் இந்திப் படம் ‘நிஷாந்த்’தான் (1975) உசத்தி. பெனகல் இயக்கம், டெண்டுல்கர் எழுத்து, நஸீருத்தீன் ஷா, ஸ்மிதா பாட்டீல் என்று அடுக்குவார். மறுக்கவில்லை. ஆனால் அதில் ஜனங்கள் கடைசியில் ஒரேயடியாக வெடிக்கிறார்கள். அதற்கு முன் என்ன பாடினார்கள், யாரிடம் கற்றார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. இங்கே ராமய்யா பட்டணம் போய், தொழிற்சங்கக்காரர் மக்பூலோடு பழகி, கண் திறந்து ஊர் திரும்புகிறான். நமக்கு அந்த வழி முழுதும் தெரிகிறது. ‘மா பூமி’ தயாரிப்பாளர்களில் ஒருவரான நர்சிங் ராவ் பின்னாளில் இயக்கிய ‘தாசி’யைச் சொன்னால் மட்டும் வாயடைத்துப்போவேன். அதில் அர்ச்சனாவின் மௌனம் வேறு சுருதி, அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இப்போது வருகிற சரித்திரப் படங்களில் நாயகன் வாய் திறக்குமுன்னே இசை வந்து அழச் சொல்லிவிடுகிறது. ஸ்டூடியோவில் அடுக்கிய ஐம்பது குரல் கோரஸில் ஒரு தொண்டைகூட வெயிலில் காய்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கக் கூத்திலும் கீபோர்டு நுழைந்து முகவீணையை ஓரங்கட்டுகிறது. ஐதராபாத்தில் ‘மா பூமி’ காலைக்காட்சியாகவே ஓராண்டுக்கு மேல் ஓடியதே, அந்த ஜனங்கள் எந்தக் கோரஸைக் கேட்டு வந்தார்கள்?

கத்தர் 2023 ஆகஸ்டில் மறைந்தபோது அந்தப் பாட்டைத் துண்டாக வெட்டி எல்லாக் கைபேசிக்கும் அனுப்பினார்கள். துண்டாகக் கேட்டால் அது ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான். படத்தில் ராமய்யாவின் காதலி சந்திரி, தொரை என்கிற நிலக்கிழாரின் ஆசைக்குப் பலியாவதைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். பாட்டோடு எழுந்துபோகவும் கூடாது. 1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிகிறது. ஓடிப்போன தொரைகளோ தொப்பியை மட்டும் மாற்றிக்கொண்டு இந்திய ராணுவத்தோடு ஊருக்குள் வருகிறார்கள். வண்டி கட்டி அனுப்ப இன்னும் ஆட்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் உறைக்கிறது.