சந்திரம்மாளின் மகள்

நம் சங்கங்களின் மகளிர் தின மேடைகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தவறாமல் வந்துவிடும். பேச்சும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். 1912-ல் மருத்துவப் பட்டம், 1927-ல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் பதவி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956-ல் பத்மபூஷண். எல்லாம் சரிதான். ஆனால் 'முதல் பெண்', 'முதல் பெண்' என்று அடுக்கிக்கொண்டே போகும்போது அவர் வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். பெற்ற தாயைக் காணோம்.

முத்துலட்சுமி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்த ஒரு செய்தியை நம் கட்டுரையாளர்கள் மரியாதை கருதி விட்டுவிடுகிறார்கள். என்ன மரியாதை இது? தாயின் பிறப்பு சொல்லக்கூடாத விஷயம் என்றால், அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்துப் போராடிய இழிவை நாமும் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்!

குடும்பக் கதையையும் நாட்டு நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கை விளங்கும். மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோது, பெண் என்பதோடு யார் வீட்டுப் பெண் என்ற கேள்வியும் அதில் இருந்தது. புதுக்கோட்டை மன்னர் குறுக்கிட்டதால்தான் இடம் கிடைத்தது. பின்னாளில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அடையாறு மருத்துவமனைக்கு விதை விழுந்தது அந்த வீட்டுத் துக்கத்தில்தான்.

தேவதாசி ஒழிப்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியம் செய்யாமலே அப்பெண்கள் தம் மானிய நிலத்தை வைத்துக்கொள்ள வழி செய்தது. 1930-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியடிகள் கைதானதும் பதவியைத் துறந்தார். சட்டம் நிறைவேறியதோ 1947-ல்தான்.

இதைச் சொல்லும்போது சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் சூடான பதிலை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தக் கைதட்டலில் இன்னொரு குரல் அமுங்கிப் போகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எங்கள் குலத்தை ஒட்டுமொத்தமாகப் பரத்தையர் என்று எழுதாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்பது அவர்கள் வாதம். எதிரே நின்றவர்கள் வெறும் பழமைவாதிகள் அல்லர். தாய்வழி உறவு போன்றவர்கள்.

இந்த இடத்தில்தான் குடும்ப வரலாறு நமக்குக் கை கொடுக்கிறது. சந்திரம்மாளை நினைவில் வைத்துப் படித்தால், அந்த மசோதா மேலே இருந்து யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல என்பது தெரியும். தன் வீட்டு வாசலில் நின்ற ஆபத்தை நேரில் கண்ட ஒரு மகள் எழுதியது அது. அதே நினைவு அவருக்குச் சங்கடமான கேள்வி ஒன்றையும் வைக்கிறது. அவருக்குப் படித்த தகப்பனார் இருந்தார், கல்லூரி இருந்தது. அவையில்லாத பெண்கள், தொழிலும் போனபின் எங்கே போவார்கள்? 1930-ல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் அதற்கான பதில். நல்ல பதில்தான், ஆனாலும் எல்லோருக்கும் எட்டக்கூடியதா?

இப்படிக் கேட்பதால் அவர் பெருமை குறைந்துவிடாது. பட்டங்களை மட்டும் எழுதினால் சிலைதான் மிஞ்சும். அடுத்த முறை மேடையேறுகிறவர்கள், 'சந்திரம்மாளின் மகள்' என்று தொடங்கிப் பார்க்கட்டும். மீதிக் கதை தானாக வரும்.