நன்றி சொன்ன நோயாளி அடுத்த மாதம் என்ன ஆனார்?

கொஞ்ச நாளாக ஒரு வகை எழுத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க நர்சிங் மாணவர்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று குவாத்தமாலாவுக்குத் தன்னார்வ மருத்துவப் பயணம் போய்விட்டு வந்து எழுதும் அனுபவக் குறிப்புகள். கல்லூரி இணையதளங்களிலும் செய்தி மடல்களிலும் நிறையக் கிடைக்கின்றன. பத்து படித்தால் போதும், பதினொன்றாவதை நாமே எழுதிவிடலாம்.

குண்டும் குழியுமான மலைப்பாதை. விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கும் பெண்கள். அவர்களின் கைநெசவு உடையின் நிறங்கள். ஒரு குழந்தையின் சிரிப்பு. கடைசிப் பத்தியில், நான் கொடுத்ததைவிட அவர்கள் எனக்குக் கொடுத்ததுதான் அதிகம் என்ற வரி. கூடவே, இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்ற வியப்பு.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. நானும் நர்சிங் படித்தவள்தான், இதே மாதிரி எழுதி மார்க் வாங்கியவள்தான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், இந்தக் குறிப்புகள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன? பிள்ளைகளுக்கு எழுதத் தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கையில் கொடுக்கப்படும் அச்சு அப்படி. நர்சிங் கல்வியில் பரவலாகப் புழங்குவது 1988-இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு கட்டச் சுழற்சி. என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, என்ன முடிவுக்கு வந்தாய், அடுத்த முறை என்ன செய்வாய். வார்டில் நடந்த ஒரு தவறை யோசித்துப் பார்க்க நல்ல கருவிதான். ஆனால் கவனியுங்கள், ஆறு கேள்விகளும் எழுதுபவரை நோக்கியே இருக்கின்றன. நோயாளி முதல் கட்டத்தில் தலைகாட்டுவார். அதன்பின் அவர் தேவைப்படுவதில்லை. அடுத்த நாளும் அதே நர்ஸ் அதே நோயாளியைப் பார்க்கும் வார்டில் இது பெரிய குறையில்லை. பத்து நாளில் விமானம் ஏறிவிடும் பயணத்தில் இதுதான் பெரிய குறை.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் குறிப்புகளில் அடிக்கடி வரும் காட்சி அது. ஒரு மூதாட்டிக்கு பி.பி. எகிறிக் கிடக்கிறது, கண்டுபிடித்து ஒரு மாத மாத்திரை கொடுக்கிறார்கள், அவர் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார். குறிப்பு அங்கே நெகிழ்ந்து முடிகிறது. ஆனால் பி.பி. மாத்திரை பெரும்பாலும் வாழ்நாள் மாத்திரை. முப்பத்தோராவது நாள் என்ன? அடுத்த பெட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை, அளவை யார் சரிபார்ப்பார்கள்? நான் படித்தவற்றில் இதைக் கேட்டவை மிகக் குறைவு. பூச்சி மாத்திரையும் இப்படித்தான். குடிக்கும் தண்ணீரும் கழிப்பிடமும் மாறாதவரை சில மாதங்களில் பூச்சி திரும்ப வந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாத நாடு அது. அங்கே மாத்திரை விழுங்கும் குழந்தையின் சிரிப்போடு கட்டுரையை முடிப்பது, கேள்வியை ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பது.

அடுத்தது மொழி. கிச்சே, கக்சிகெல், மாம் என்று இருபதுக்கும் மேற்பட்ட மாயன் மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. பாட்டி கிச்சேயில் சொல்வதை மகள் ஸ்பானிஷில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார். ‘நெஞ்சு பாரமா இருக்கு’ என்பது மாணவியின் காதுக்கு வரும்போது என்னவாகி இருக்கும்? குறிப்புகளிலோ, மொழி தெரியாவிட்டாலும் புன்னகை போதும் என்று எழுதுகிறார்கள். போதாதுங்க. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று புன்னகையால் சொல்ல முடியாது.

1968-இல் இவான் இலிச், மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யப் போகவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, உங்கள் நல்லெண்ணத்தோடு வராதீர்கள், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பேச்சு அது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சீழ் பிடித்த புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்த கை, எந்த நாட்டுக் கையாக இருந்தால் என்ன?

அதனால் இலிச்சைவிட எனக்கு உதவுபவர் கரோல் பெர்ஹார்ஸ்ட். அமெரிக்க மருத்துவர், 1962-இல் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோவில் கிளினிக் தொடங்கியவர். போனார், தங்கினார், கக்சிகெல் மக்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். எது முதலில் தேவை என்று அவர் போட்ட வரிசை புகழ்பெற்றது. முதலில் சமூக, பொருளாதார அநீதி. அடுத்து நில உரிமை. சத்துக்குறைவெல்லாம் அதற்கப்புறம். மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது கடைசி இடம். ஒரு டாக்டரே தன் தொழிலைக் கடைசியில் வைத்திருக்கிறார்! மாணவர் குறிப்புகளில் அந்த வரிசை அப்படியே தலைகீழ். மருந்து முன்னால் நிற்கிறது, நிலம் பேச்சிலேயே இல்லை.

நல்ல குறிப்பே கிடையாதா? உண்டு. ஒரு மாணவி தன் வேலையில் பெரும்பகுதி மாத்திரை எண்ணுவதுதான் என்று எழுதியிருந்தார். உள்ளூர் நர்ஸிடம், நாங்கள் போன பிறகு என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிய மாத்திரைப் பைகளோடு மக்கள் தன்னிடம் வருவார்கள், எது எதற்கு என்று கண்டுபிடிப்பது தன் வேலை என்று அவர் சொல்லியிருக்கிறார். மாணவி அதை எழுதிவிட்டு, அதற்கு ஆறுதலாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அந்த நர்ஸின் பார்வையில் தன்னைப் பார்த்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, இந்த எழுத்தில் தேறியது அந்த ஒரு பத்திதான்.

இப்போது என் கதை. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு மலைக்கிராம முகாமுக்குப் போனோம். ஒரு ஆயாவுக்கு பி.பி. அதிகம். சொன்னபடி பத்து நாள் மாத்திரை கொடுத்தேன். “இது தீந்ததும் நீ வருவியா கண்ணு?” என்றார். “வருவோம் ஆயா” என்று சிரித்தேன். போகவே இல்லை. ரெக்கார்டு நோட்டில் நோயாளிகள் நன்றியோடு இருந்தார்கள் என்று எழுதினேன். நல்ல மார்க்.

அவர் கேட்ட கேள்வியை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். முதலில் நான்.