ஒளி ஒரு மருந்தா?

ஒளி படாத செடி வெளிறி வாடும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஒளி குறைந்தால் மனிதனின் மனமும் வாடுமா? ‘வாடும், ஒளியைத் திரும்பத் தந்தால் தெளியும்’ என்று கூறும் ஆய்வுக் கட்டுரை ஒன்று 1984-ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. எழுதியவர்கள் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும். மேலை நாடுகளில் இன்று விற்பனையாகும் ‘ஒளிப்பெட்டி’களுக்கு வழி திறந்தது இக்கட்டுரையே. இதை ஒரு சோதனை என்ற முறையில் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். வாஷிங்டன் நகரம் ஏறத்தாழ 39 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே கோடையில் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். குளிர்காலத்தில் ஒன்பதரை மணி நேரமே. (சென்னையில் இந்த வேறுபாடு சுமார் ஒன்றரை மணிதான்.) ஆண்டுதோறும் பகல் குறுகும்போது மனச்சோர்வுற்று, வசந்தம் வந்ததும் தெளிவடையும் 29 நோயாளிகளைக் கட்டுரை விவரிக்கிறது. மனச்சோர்வு நோயில் பலருக்கும் உறக்கமும் பசியும் குறையும். இவர்களுக்கோ இரண்டும் கூடின. மாவுப் பண்டங்களில் ஆசை மிகுந்தது. வேறுபட்ட ஒரு நோய்க்கோலத்தைக் கூர்ந்து கவனித்துப் பெயரிட்டது இக்கட்டுரையின் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, ஒளியை அளந்து கொடுத்தது. பிரகாசமான ஒளி, இருளில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் இயக்குநீரை மனிதரிடமும் அடக்குகிறது என்று 1980-இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் காட்டியிருந்தனர். அதற்குத் தேவைப்பட்ட ஒளி 2,500 லக்ஸ். நம் வீட்டறையின் இரவு விளக்கொளி பெரும்பாலும் 300 லக்ஸைத் தாண்டாது. நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். நம் கண் தன்னைச் சரிசெய்து கொள்வதால் இந்த நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. ரோசன்தால் குழுவினர் விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் வலிமையான வெள்ளொளி தந்து, குளிர்காலப் பகலைக் கோடைப் பகலாக நீட்டினர். நோயாளிகள் தேறினர்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். ஒளிச் சிகிச்சை பெற்றவர்கள் 11 பேர் மட்டுமே. அது மட்டுமன்று, நாளிதழ்க் கட்டுரை ஒன்றைப் படித்து, ‘இது என் நோய்தான்’ என்று தாமாக முன்வந்தவர்கள் பலர். இத்தகையோரிடம் எதிர்பார்ப்பு மிகுந்திருப்பது இயல்பு.

எனக்குப் பெரிதாகப் படும் குறை ஒப்பீட்டில் இருக்கிறது. வலிமையான வெள்ளொளிக்கு ஒப்பாக அவர்கள் பயன்படுத்தியது மங்கலான மஞ்சளொளி. ஒரு சோதனையில் ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். இங்கே செறிவு, நிறம் ஆகிய இரண்டும் ஒருங்கே மாறின. தாமாகவே ஒளியை உணரும் சிறப்புச் செல்கள் விழித்திரையில் இருப்பதும், அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாகத் துலங்குவதும் 2002-க்குப் பிறகே தெளிவாயின. நீலம் குறைந்த மஞ்சளொளி அச்செல்களுக்குப் பலவீனமானது. ஆகவே, வேலை செய்தது எது என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. மாத்திரைக்கு அதே வடிவில் வெற்று மாத்திரை செய்துவிடலாம். வெற்று ஒளியை எப்படிச் செய்வது? எது பிரகாசம், எது மங்கல் என்பதை நோயாளியின் கண்ணே காட்டிக்கொடுத்துவிடுமே!

இதற்குச் சாமர்த்தியமான விடை 1998-இல் வெளியான, சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினரின் ஆய்வில் கிடைத்தது. செயலிழக்கச் செய்த ‘அயனி’க் கருவி ஒன்றைப் போலிச் சிகிச்சையாக அவர்கள் அளித்தனர். கண்ணுக்குப் புலப்படாத அயனி வருகிறதா இல்லையா என்று யாரால் கூற முடியும்? 96 நோயாளிகள், மூன்று பிரிவுகளிலும் எதிர்பார்ப்பு வேறுபடவில்லை. நான்கு வாரங்களுக்குப் பின் கடுமையான ஓர் அளவுகோலின்படி குணம் கண்டவர்கள் காலை ஒளியில் 61 விழுக்காடு, மாலை ஒளியில் 50, போலிக் கருவியில் 32. ஆனால் சராசரி மதிப்பெண்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. போலிக் கருவியிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தேறினார் என்பதும் மறக்கத் தக்கதன்று.

பகலை நீட்டுவதே மருந்து என்ற 1984-ஆம் ஆண்டு விளக்கமும் நெடுநாள் நிற்கவில்லை. நேரமும் மெலட்டோனின் அடக்கமும் முக்கியமல்ல என்று 1986-லேயே அதே நிலையத்தார் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் காலை ஒளிக்குச் சற்று ஏற்றம் தந்தன. அது மூளையிலுள்ள உறக்கக் கடிகாரத்தை முன்னோக்கித் திருப்புவதே காரணம் என்று பலரும் கருதுகின்றனர்.

2016-இல் 34,294 அமெரிக்கரின் விவரங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் தொடர்பே காணவில்லை என்றது. இதனால் நோயே பொய் என்றாகிவிடாது. பொதுமக்களின் பெருங்கூட்டத்தை அளக்கும் கோல், அதில் சிலருக்கு மட்டும் வரும் நோயைத் தவறவிடக் கூடும். ஆனால் ‘குளிர்காலத்தில் எல்லோரும் சோர்கிறார்கள்’ என்ற விளம்பரப் பேச்சுக்கு அது தக்க பதில்.

ஒளிப்பெட்டி வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் எழுதிய 10,000 லக்ஸ், குறிப்பிட்ட தூரத்துக்கே பொருந்தும். தள்ளி அமர்ந்தால் ஒளி விரைவில் குறையும். மருத்துவரின் மேற்பார்வையும் தேவை. 1984-ஆம் ஆண்டு நோயாளிகளில் பெரும்பாலோர் சோர்வும் கிளர்ச்சியும் மாறி மாறி வரும் வகையினர். அத்தகையோரை ஒளி சில வேளை மிகைக் கிளர்ச்சிக்குத் தள்ளிவிடக் கூடும்.

ஆக, ரோசன்தால் கட்டுரையின் விளக்கம் சாய்ந்தது, ஒப்பீடு பழுதுடையது, ஆனால் அது கண்ட பயன், கடுமையான சோதனைகளிலும் முற்றாக அழியாமல் நின்றது. மனம் நொந்தவருக்கு உதவும் ஒன்றை ஆய்ந்து பாராமல் ஒதுக்குவது கொடுமை. ஆய்ந்து பாராமல் விற்பதும் கொடுமையே. இவ்விரண்டிலிருந்தும் நம்மைக் காப்பது, சரியாக அமைத்த ஓர் ஒப்பீட்டுச் சோதனைதான்.