கெல்லி கோட்டையைக் கட்டியது யார்?

பத்து காஜா கெல்லி கோட்டைக்குச் சுற்றுலா போய்வந்த மாணவர்களின் கட்டுரைகளைப் படிச்சுப் பாருங்க. மின்தூக்கிக்கு விட்ட இடம், சுரங்கப்பாதை, பேய்க்கதை மூன்றும் தவறாமல் இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்காக எழுப்பிய வீடு, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியிலேயே நின்றதையும் எழுதிடுவாங்க. ஆனால், கடல் கடந்து வந்து சுவர் எழுப்பிய தமிழ்த் தொழிலாளர்களைக் காணோமே! அவர்களில் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் மாண்டனர். அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் மாரியம்மன் கோயில் கட்ட உதவினார் என்பார்கள். அருகிலுள்ள அக்கோயிலில் சாமி சிலைகளோடு அவர் உருவமும் நிற்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாங்க. மாணவர்களே, வழிகாட்டியிடம், “இதைக் கட்டியது யாருங்க?” என்று கேளுங்கள். அந்த விடையைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.