‘அன்னை இட்ட தீ’யும் கூட்டாளிமாரின் காயமும்

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ 1991இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த நாடகம். போர் மனிசரின் மனசுக்குள் செய்யும் சேதத்தை அது மேடையேற்றியது. வாய்விட்டு அழவும் பயந்த காலத்தில் அது சின்ன விசயமல்ல.

கல்முனையிலிருந்து வாசிக்கும் எனக்கு அந்த வருடம்தான் உறுத்துகிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனக தெரு வெறுமையாகிக் கிடந்த நகரத்தில்தான் மனக்காயம் அரங்குக்கு வந்தது.

வீட்டுக்குள் விழும் காயத்தைச் சொல்ல நமது அரங்குக்குத் தெரியும். கூட்டாளி போகும்போது பார்த்துக்கொண்டு நின்றவனின் காயத்தை? எங்கட பக்கமும் இதே கதைதான். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் பழைய கூட்டாளியின் பேரைச் சொன்னால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மௌனத்தை நடிக்க இரு சமூகத்துப் பொடியன்மாரும் ஒண்டா ஒத்திகைக்கு வரணும். பிரதியைப் பிறகு எழுதலாம்.