விவிலியம் தன்னைப் பற்றிச் சொல்வது என்ன?

விவிலியம் எவ்விதப் பிழையும் அற்றது என்பது கிறித்தவர்களில் ஒரு சாராரின் கோட்பாடு. 1978இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய சீர்திருத்தச் சபை அறிஞர்கள் அதனை ஓர் அறிக்கையாகவே வகுத்தளித்தனர். இக்கோட்பாட்டுக்கு விவிலியமே சான்று பகர்கின்றதா என்பதே நம் வினா.

பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தின் மூன்றாம் அதிகாரம். மறைநூல் இறைவனால் அருளப்பட்டது, போதிக்கவும் திருத்தவும் பயன்படுவது என்னும் கருத்து அங்கே உள்ளது. பயனுடைமை வேறு, எழுத்துக்கு எழுத்துப் பிழையின்மை வேறு. தீமோத்தேயு இளமை முதல் அறிந்ததாக அங்கே சுட்டப்படுவதும் யூதரின் மறைநூலே. புதிய ஏற்பாடு அன்று ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கவில்லை. லூக்காவோ தாம் விசாரித்தறிந்து வரிசைப்படுத்தி எழுதுவதாகத் தம் நற்செய்தியின் முகப்பிலேயே கூறுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், ஒரு கருத்தை ஆண்டவருடையதன்று, தம்முடையதே எனப் பிரித்துக் காட்டுகிறார். வஹீயை அப்படியே ஓதிக்காட்டுவோரின் மொழி இதுவன்று.

நம் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. 1871இல் வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பில், யோவானின் முதற்கடிதம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம், விண்ணில் சான்று பகரும் மூவரும் ஒன்றே என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அத்தொடர் இல்லை. பழைய கிரேக்கப் படிகளில் காணப்படாத அதனை எராஸ்மஸ் தம் முதலிரு பதிப்புகளில் சேர்க்கவில்லை. 1522ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். வாலிகண்டபுரத்தில் அமர்ந்து இவ்விரு தமிழ் நூல்களையும் அருகருகே விரித்துப் பார்ப்பவருக்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேறுபாடு கண்முன் நிற்கும்.

பிழையின்மை மூலப்படிகளுக்கே உரியது என்பது சிகாகோ அறிக்கையின் விடை. அம்மூலப்படிகளோ இன்று எவர் கையிலும் இல்லை. எனவே இக்கோட்பாடு காப்பது, எவரும் ஓத இயலாத ஒரு நூலையே.

இதனைக் கூறும் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1854இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியோடு வாதிட்ட பாதிரியார் ஃபாண்டர், படியெடுத்தலில் பிழைகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்டார்; ஆயினும் அடிப்படைப் போதனை சிதையவில்லை என்றார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965ஆம் ஆண்டு ஆவணத்தில், மனித மீட்புக்கான உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றே வரையறுத்தது. ஆகவே முரண்பாடுகளை எண்ணிக்காட்டி, கிறித்தவத்தையே மறுத்துவிட்டதாக நம் மேடைகள் மகிழ்வது பொருந்தாது. மறுக்கப்பட்டது ஒரு சாராரின் கோட்பாடு மட்டுமே. குர்ஆனின் இலக்கணத்தை விவிலியத்தின் மீது ஏற்றி அளப்பதில் அவர்களும் நாமும் ஒரே தவற்றைச் செய்கிறோம்.

வேதம் அருளப்பட்டோருடன் அழகிய முறையிலன்றித் தர்க்கிக்க வேண்டாம் என்கிறது அன்கபூத் அத்தியாயம். எதிர்த்தரப்பார் உண்மையில் எதை நம்புகின்றனர் என்பதைக் கேட்டறிவதே அவ்வழகின் முதற்படி.