எறிவாளரும் எல்லைக்கோடும்

கூடைப்பந்தாட்டத்தின் தலைசிறந்த எறிவாளர் யார் என்னும் வினாவுக்கு எண்ணிக்கையை மட்டுங்கொண்டு விடைகாண முற்படுவோர் பலர். மூன்றுபுள்ளி எறிவுகளில் லரி பேர்டின் உச்சம் 1987-88 பருவத்தில் 98. 2015-16இல் ஸ்டெபன் கரி பெற்றவை 402. ஆகவே பின்னவர் நான்கு மடங்கு வல்லவர் என்பது பொருந்துமா?

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் மூன்றுபுள்ளிக் கோட்டை ஏற்றது 1979இலேயாகும். 1974இல் ஓய்வுபெற்ற ஜெரி வெஸ்டின் நெடுந்தூர எறிவுகளும் இரண்டு புள்ளிகளே பெற்றன. பேர்டின் காலத்திலும் அவ்வெறிவு துணைக்கருவியாகவே கருதப்பட்டது.

இம்மாற்றம் தீண்டாத அளவுகோல் ஒன்றுண்டு: 15 அடித் தூரத்திலிருந்து, மறிப்பாரின்றி எறியும் தடையற்ற எறிவு. அதில் பேர்ட் நூற்றுக்கு 88.6, கரி ஏறத்தாழ 91. கைத்திறனில் இடைவெளி சிறிதே. நான்கு மடங்கு வேறுபாட்டைத் தோற்றுவித்தது பெரிதும் ஆட்டம் பற்றிய சிந்தனையே.

எனினும், காலத்தைக் காரணங்காட்டி மதிப்பீட்டையே கைவிடுதலும் தவறு. பந்தைத் தட்டிச் சென்றவாறே, கோட்டுக்கு வெகு அப்பாலிருந்து எறிந்து, துணைக்கருவியை முதன்மைக் கருவியாக்கியவர்களுள் தலையாயவர் கரி. முன்னோர் தம் காலத்து ஆட்டத்தைச் செம்மையுற ஆடினர். அவரோ ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். அவரை முதல்வராகக் கொள்வதற்கு நியாயம் இதுவே. 402 என்னும் எண் அன்று.